மெரூன் சட்டைக்காரர்

கிழக்கு லண்டனில் நான் வேலை செய்யும் வைத்தியசாலையில், ஒருவருடைய சட்டையின் நிறத்தைப் பார்த்தே அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று இருந்தது. தாதிமாருக்கு நீலம். வரவேற்பில் இருப்பவர்களுக்கு வெள்ளை. சாப்பாடு கொடுக்கிற, தரை துடைக்கிற, கட்டில் தள்ளுகிற எங்களுக்கெல்லாம் மெரூன். மற்ற நிறங்கள் எல்லாம் வைத்தியசாலையின் ஆட்கள். மெரூன் மட்டும் ஒரு தனியார் கொம்பனியின் ஆட்கள். ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்றாலும் நாங்கள் இரண்டு முதலாளிகளின் வேலையாட்களாகத்தான் நின்றோம்.

முதியவர்களுக்கான வார்டில் சாப்பாடு கொடுப்பது என் வேலை. காலையில் பொரிட்ஜ், பாண், தேநீர்; மத்தியானம் சூடான சாப்பாடு; பின்னேரம் சூப்பும் சாண்ட்விச்சும். ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவேன். இடுப்பெலும்பு முறிந்து வந்த ஒரு தாத்தா, தேநீர்க் கோப்பையைக் கைப்பிடி தனக்கு வலது பக்கம் இருக்கும்படி வைத்தால்தான் குடிப்பார். தன் வீட்டை நினைத்து அழுதுகொண்டிருந்த ஒரு வங்காளத்து அம்மா, நான் யோகட்டைச் சோற்றோடு பிசைந்து கொடுத்த நாளில் முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். இந்த வேலையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. சாப்பிட்டால்தான் மருந்து வேலை செய்யும்.

கொம்பனி வந்தது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். பொதுச் செலவைக் குறைக்க வேண்டும், தனியார் செய்தால் மலிவாகச் செய்வார்கள் என்று அரசாங்கங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சமையலையும் துப்புரவையும் கட்டில் தள்ளுவதையும் குறைந்த விலை கேட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எப்படி மலிவாகும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் யோசித்துப் பார்த்ததில்லை. பிறகுதான் விளங்கியது. பாலின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். தரை துடைக்கிற மருந்தின் விலையும் ஒன்றுதான். குறைக்கக்கூடியது நாங்கள் மட்டும்தான். நீலச் சட்டைக்கு நோய், வருத்தம் வந்தால் சம்பளத்தோடு லீவு. மெரூனுக்கு வருத்தம் வந்தால் முதல் மூன்று நாளைக்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சட்டம் சொல்லும் சிறு தொகை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு அவர்களுக்குக் கூடுதல் சம்பளம். எங்களுக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒன்று. பென்ஷனும் அப்படித்தான்.

இதையெல்லாம் நான் பல வருடமாக ஏற்றுக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை ஒரு கியூ மாதிரி நினைத்திருந்தேன். நாங்கள் பிந்தி வந்தவர்கள். போரிலிருந்து தப்பி வந்தோம். இருக்க இடம் தந்தார்கள். பிந்தி வந்தவர் வரிசையின் கடைசியில் நிற்கத்தானே வேண்டும். நாள் போகப் போக வரிசை நகரும், நாங்களும் முன்னுக்குப் போவோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். என் அண்ணன் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று உழைத்து, குட்மேய்ஸில் சொந்தமாகக் கடை வைத்தவர். அந்த வரிசை நகரும் என்பதற்கு அவரே எங்கள் குடும்பத்தின் அத்தாட்சி.

ஒரு குளிர்காலம் எங்கள் வார்டில் வாந்தியும் வயிற்றோட்டமும் பரவியது. ஒரு நோயாளியில் தொடங்கி, பிறகு பக்கத்துக் கட்டில், பிறகு தாதிமார். தலைமைத் தாதி எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்காவது வாந்தி வந்தால் அது நின்று இரண்டு நாளாகும் வரை வார்டுக்கு வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நீலச் சட்டைகளில் பாதிப்பேர் வீட்டில் படுத்துவிட்டார்கள். எனக்கும் வந்தது. நானும் வீட்டில் இருந்தேன். அந்த மாதம் என் கணவர் பார்சல் வேனில் கூடுதல் ரவுண்ட் ஓடினார், அதனால் சமாளித்தோம்.

எங்கள் வார்டைத் துடைப்பவளுக்கு அப்படிச் சமாளிக்க வழி இருக்கவில்லை. தனி ஆளாகப் பிள்ளைகளை வளர்ப்பவள். என் வயதுதான். அவளுடைய பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள். அவள் ஹக்னியில் பிறந்தவள். பெரிய சிரிப்புக்காரி. வார்டின் அந்தக் கோடியில் அவள் சிரித்தால் இந்தக் கோடியில் என் ட்ரொலியில் கேட்கும். அவளுக்கும் அந்த வருத்தம் பிடித்தது. அதோடேயே வேலைக்கு வந்தாள். முகம் சாம்பல் நிறமாக இருந்ததைத் தலைமைத் தாதி பார்த்துவிட்டு, உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார். போனாள். திரும்பி வந்தபோது கொம்பனியின் மனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, அந்த வருடத்தில் அவள் வராமல் விட்ட நாட்கள் கூடிவிட்டன என்று எச்சரிக்கை கொடுத்தார். வந்ததற்குத் தாதி ஏசினார். வராததற்கு மனேஜர் ஏசினார்.

அன்று மத்தியானம், நிலக்கீழ் மாடியில் நாங்கள் சட்டை மாற்றும் அறையில் அவள் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. சிரிப்பும் இல்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில்தான். என் ஆங்கிலத்துக்காக அவள் கொஞ்சம் மெதுவாகப் பேசுவாள்.

“சுற்றிப் பார்,” என்றாள். “இந்த அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்.”

பார்த்தேன். ஷிப்ட் மாறும் நேரம். அறை நிறைய மெரூன். கானா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ், வங்காளம், ஜமேக்கா, யாழ்ப்பாணம்.

“எல்லாரும் வந்து குடியேறினவர்கள்,” என்றேன். “வந்தவர்களுக்குக் கிடைக்கிற வேலை இதுதானே.”

“நான் எங்கிருந்து வந்தேன்? இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் பிறந்தேன்.”

அவள் தொடர்ந்தாள். “என் அம்மா இதே வேலையைத்தான் செய்தார். வேறு வைத்தியசாலை, தரை துடைக்கிற இதே தும்புத்தடி. ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரி சம்பளம் கொடுத்தது. வருத்தம் வந்தால் வீட்டில் படுத்தார். இன்றைக்கு பென்ஷன் வாங்குகிறார். என் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பது அந்த பென்ஷன்தான். நான் இங்கே பிறந்து, இங்கே படித்து, அம்மாவை விடக் கீழே நிற்கிறேன். இது முன்னேற்றமா?”

அவ்வளவுதான். சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் கியூ அன்றோடு உடைந்துபோனது. வரிசை நகர்ந்திருந்தால் அவள் எனக்கு எவ்வளவோ முன்னுக்கு நின்றிருக்க வேண்டும். அவளோ எனக்குப் பக்கத்தில் நின்றாள். வரிசை நகரவே இல்லை என்றால், அது வரிசையே இல்லை.

கொம்பனியில் வெள்ளைக்காரர் இல்லாமல் இல்லை. மனேஜர், மனேஜருக்கு மேலே இருந்தவர், அவருக்கும் மேலே இருந்தவர். மெரூன் சட்டை போடத் தேவையில்லாதவர்கள்.

வார்டைத் துடைப்பவள் தொழிற்சங்கத்தில் சேர்ந்தாள். பிறகு எங்களைச் சேர்த்தாள். ட்ரொலி கழுவும் இடத்தில், பஸ் நிறுத்தத்தில், லிஃப்டுக்குள் என்று ஆள் ஆளாகப் பேசினாள். தமிழ் ஆட்களிடம் பேசுவது என் பொறுப்பாயிற்று. எங்களில் பலருக்கு முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல, விசாவைப் பற்றியது. “அக்கா, பெயர் குடுத்தா ஹோம் ஒஃபிசுக்குப் போகுமோ?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அப்படி இல்லை, சங்கத்தில் சேருவது சட்டப்படி உரிமை என்று விசாரித்து வந்து சொன்னேன். அவள் மூன்று வாரம் யோசித்துவிட்டுச் சேர்ந்தாள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நீலச் சட்டைக்கு உள்ளது மெரூனுக்கும் வேண்டும். கொம்பனி மறுத்தது. வைத்தியசாலை, அது கொம்பனியின் விஷயம் என்றது. அதன் பிறகுதான் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு.

வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. வேனின் திறப்புச் சாவியை ஆணியில் கொழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“உமக்கு என்ன யோசனை?” என்று கேட்டார்.

“பயமா இருக்கு.”

“பயம் இருக்கத்தான் செய்யும். நீர் ஓம் எண்டு போடும். மற்றதைப் பிறகு பாப்பம்.”

அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போனபோது அவருக்கு ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது. மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டார்.

“ஸ்ட்ரைக் செய்யப் போறியாம். உண்மையோ?”

“ஓம் அண்ணை.”

“இருக்க இடம் தந்த நாடு. அவங்கட ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டு கத்துறது சரியோ?”

“அது எங்கட ஆஸ்பத்திரியும்தான். நாங்களும் வரி கட்டுறம்.”

“நான் வந்த நேரம் எனக்கு ஆர் உதவி செய்தது? ஒருத்தரிட்டையும் போய்க் கேக்கேல்லை. உழைச்சன், கடை எடுத்தன். நீயும் உழை. நிறம் கிறமெண்டு அதுகள் சொல்லுறதைக் கேட்டு ஆடாதை.”

‘அதுகள்’ என்பதற்கு முன்னால் அவர் இன்னொரு சொல்லைச் சேர்த்தார். கறுப்பு மக்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்குகிற சொல். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“அந்தச் சொல்லை என்ரை முன்னால சொல்லாதேங்கோ,” என்றேன். அண்ணனை எதிர்த்து அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. “என்னைச் சங்கத்திலை சேர்த்தவள் இஞ்ச பிறந்தவள். பிறந்த நாள் துடக்கம் நீங்கள் சொன்ன மாதிரித்தான் உழைக்கிறாள். அவள் எப்ப கடை எடுக்கிறது?”

அவர் வெண்டிக்காயை அடுக்கினார். கல்லாவில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு அண்ணை நின்றார். கடை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை செய்கிறவர். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“போன மாதம் அவருக்குக் காய்ச்சலெல்லோ. அந்தக் கிழமை சம்பளம் குடுத்தனீங்களோ?”

“இது சின்னக் கடை, பிள்ளை. எனக்கு ஏலாது.”

“உங்களுக்கு ஏலாதெண்டா நம்புறன். ஆஸ்பத்திரிக்கு ஏலும் அண்ணை. ஏலும் எண்டபடியாத்தான் மற்றவைக்குக் குடுக்கினம்.”

அவர் காசு வாங்காமல் சாமானைப் பையில் போட்டுத் தந்தார். வழமையாக அப்படித் தருவார்தான். ஆனால் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பில் பெரும்பான்மை ஓம் என்றது; மாசி மாதத்தில் முதல் வேலைநிறுத்தம். வெளிச்சம் வருவதற்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டேன். யாருமே வராமல் நான் மட்டும் நின்றால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. போய்ப் பார்த்தால் பிலிப்பைன்ஸ்காரர் இருவர் ஏற்கெனவே பதாகையோடு நின்றார்கள். அவர்களுக்கும் அதே பயமாம். ஒவ்வொருவராக வந்தார்கள். தடித்த குளிர்கோட்டுக்கு மேலே எல்லோரும் மெரூன் சட்டையை மாட்டியிருந்தோம். அது வார்டைத் துடைக்கும் என் தோழியின் யோசனை. நாள் முழுக்க வார்ட் வார்டாகச் சிதறிக் கிடக்கும் நாங்கள் ஒரே இடத்தில் கூடி நின்றபோதுதான் எவ்வளவு பேர் என்று எங்களுக்கே தெரிந்தது.

வீதியால் போன பஸ் சாரதிகள் ஹோர்ன் அடித்தார்கள். தலைமைத் தாதி தன் ஷிப்டுக்குப் போகும் வழியில் நின்று, எங்களோடு கை குலுக்கிவிட்டுப் போனார். தமிழ்ப் பெண்கள் நாங்கள் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்திருந்தோம். கானாக்காரர்கள் பெரிய கேத்தலில் தேநீர் கொண்டுவந்தார்கள். யாரோ ஒரு மேளம் கொண்டுவந்தார்கள். ஆட்டம் தொடங்கியது. நான் ஆடவில்லை, ஆனால் கால் சும்மா இருக்கவில்லை.

ஆனாலும் காலைச் சாப்பாட்டு நேரம் வந்தபோது என் கண் மேலே ஜன்னலுக்குப் போனது. கொம்பனி வேறு இடங்களிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்திருந்தது. மனேஜர்மாரே ட்ரொலி தள்ளினார்களாம். அந்தத் தாத்தாவுக்குக் கோப்பையை எந்தப் பக்கம் வைத்தார்களோ என்று நினைத்தேன். அதைத் தோழியிடம் சொன்னேன்.

“நீ ஒரு நாள் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கஷ்டம் என்கிறாய். அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்,” என்றாள்.

இரண்டாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். எண்பதை நெருங்கும் வயது. தொப்பி, கையுறை, ஞாயிறு தேவாலயத்துக்குப் போவது போன்ற நல்ல கோட். யாரோ உட்காரக் கதிரை கொடுத்தார்கள். இருக்க மாட்டேன் என்றுவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு வரிசையின் நடுவில் நின்றார். பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி அவரிடம், மகளுக்காக வந்தீர்களா என்று கேட்டாள். “நான் என் வேலைக்காக வந்தேன்,” என்றார் அவர். “நான் அதை நல்ல வேலையாக விட்டுவிட்டுப் போனேன். என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வந்தேன்.” என் தோழி மற்றப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். அவள் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வேலைநிறுத்தம் விட்டு விட்டு வசந்தம் வரை நடந்தது. பிறகு, வைத்தியசாலையின் நிர்வாக சபை பொதுமக்கள் முன்னால் கூடும் கூட்டத்தில், எங்களில் ஒருவர் பேசலாம் என்றார்கள். தோழியைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தோம். அவளோ என்னைக் காட்டினாள்.

“எனக்கு ஆங்கிலம் போதாது,” என்றேன்.

“நோயாளிகளுக்கு விளங்குகிறது. இவர்களுக்கும் விளங்கும்,” என்றாள்.

வீட்டில் மகள் கணினியைத் திறந்துகொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். “அம்மா, லெட் மீ ரைட் இட் ஃபோர் யூ,” என்றாள். எழுதியும் தந்தாள். அழகாக இருந்தது. இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். என் வாயில் அது வேறு யாருடைய சட்டையோ போல இருந்தது. வேண்டாம், எனக்குத் தெரிந்த சொல்லில் சொல்கிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “ஓகே அம்மா. ஜஸ்ட் டோன்ட் ரஷ்,” என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினாள்.

நீண்ட மேசை. தண்ணீர்க் குவளைகள். சபையின் தலைவி உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி, கனிவான முகம். பின்னால் கதிரைகளில் எங்கள் ஆட்கள். நான் எழுந்து நின்று என் வேலையைச் சொன்னேன். அந்தக் குளிர்காலத்து வருத்தத்தைச் சொன்னேன். ஒரே வார்ட், ஒரே கிருமி, ஒருவருக்குச் சம்பளம், மற்றவருக்கு எச்சரிக்கை. பிறகு, இந்தக் கட்டடத்தில் மெரூன் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒரு தடவை நடந்து பார்க்கும்படி கேட்டேன். எங்களில் எத்தனை பேர் கறுப்பர், எத்தனை பேர் மண்ணிறத்தவர் என்று அவர்களே பார்க்கட்டும் என்றேன்.

தலைவி மெதுவாகச் சொன்னார்: “இங்கே யாரும் இனத்துவேசத்தோடு முடிவு எடுப்பதில்லை என்று உங்களுக்கு உறுதி சொல்ல விரும்புகிறேன்.”

“நம்புகிறேன்,” என்றேன். “உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் எங்களை வெறுக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மிச்சத்தை ஒப்பந்தம் செய்யும். மலிவாக்கச் சொன்னீர்கள், கொம்பனி மலிவாக்கியது. யாரை மலிவாக்கலாம் என்று பார்த்தது. நாங்கள் நின்றோம்.”

“எனக்கு விசேஷமாக ஒன்றும் வேண்டாம். எனக்குச் சம்பளம் கொடுப்பது இந்த ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். என் ஆங்கிலத்தில் பிழைகள் இருந்திருக்கும். ஒருவரும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

அன்று ஒன்றும் முடிவாகவில்லை. கோடைகாலம் முழுவதும் பேச்சுவார்த்தை. நம்பிக்கை விட்ட நாட்களும் உண்டு. இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம் தோழி ட்ரொலிக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தாள். கொம்பனியின் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்க மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் வைத்தியசாலையின் ஆட்கள் ஆகிறோம் என்றாள். நான் சூப்புக் கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். கட்டிலில் இருந்த பாட்டி ஒருவர், “என்ன, யாருக்காவது பிள்ளை பிறந்திருக்கிறதா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டாள் தோழி. அவளுடைய சிரிப்பு அன்று மற்ற வார்ட் வரை கேட்டிருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கொம்பனியில் கழிந்த வருடங்களின் பென்ஷன் திரும்பி வராது. தோழி துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பித்தாள். அனுபவம் போதாது என்றார்கள். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் தெரிந்தவளுக்கு. அவள் காரணத்தை எழுத்தில் கேட்டாள். அடுத்த தடவை பதவி வந்தபோது மறுபடியும் விண்ணப்பித்தாள், கிடைத்தது. இப்போது அவள்தான் புதிதாக வருகிறவர்களை நேர்முகம் காண்கிறாள்.

நாங்கள் வைத்தியசாலையின் ஆட்களான வருடம் மார்கழியில் எனக்குக் கடும் காய்ச்சல். வேலைக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனை நாளில் வருவேன் என்று நானாகவே சொல்லத் தொடங்கினேன். மறுபக்கத்தில் பேசியவர், சுகமாகும்வரை வரவேண்டாம், ஓய்வெடுங்கள் என்றார். தொலைபேசியை வைத்துவிட்டுப் படுத்தேன். பகல் வேளையில் எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று ரசத்தைக் கணவர்தான் வைத்தார். உப்பு கூடிவிட்டது. இரண்டு கோப்பை குடித்தேன்.

அண்ணன் என்னோடு வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஆனால் ஒரு நாள் கடையில் மட்டக்களப்பு அண்ணை சாமானைக் கட்டிக்கொண்டே, “உங்கட அண்ணை இப்ப வருத்தத்துக்கும் சம்பளம் தாறார். முழுக்க இல்லை, பாதி,” என்றார். பாதிதான். அண்ணனின் கடை எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாதி அவருக்குச் சின்ன விஷயமல்ல. கோயிலில் யாரோ புதிதாக வந்தவரிடம் அவர் என்னைக் காட்டி, “என்ரை தங்கச்சி. ஆஸ்பத்திரி போர்டிலை எழும்பி நிண்டு பேசினவள்,” என்று சொன்னதையும் கேட்டேன். கேட்காதது போல நடந்தேன்.

போன வருடம் தெற்கு லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. இன்னொரு வைத்தியசாலை, இன்னொரு கொம்பனி. அங்கே சட்டை பச்சை. துப்புரவுப் பெண்களில் அரைவாசி தமிழர்களாம். நோர்பரியில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள், வந்து தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். தோழியும் நானும் ரயிலில் போனோம். அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அமர்ந்து, நான் பேசும்போது எல்லாம் விளங்குவது போலத் தலையை ஆட்டினாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். “அக்கா, வேலை போகாதோ?”

“போகாதெண்டு நான் சொல்லமாட்டன்,” என்றேன். “நாங்களும் பயந்து பயந்துதான் நிண்டனாங்கள். ஒராளெண்டா அனுப்பலாம், ரெண்டு பேரெண்டா அனுப்பலாம். எல்லாரையும் அனுப்பிப்போட்டு ஆரை வச்சு ஆஸ்பத்திரி நடத்துறது?”

“எங்களோட வேலை செய்யிற மற்ற ஆக்கள் வருவினமோ? கறுப்பு ஆக்கள்?”

“அவையளிட்டைப் போய்க் கேட்டனீங்களோ?”

அவள் இல்லை என்று தலையசைத்தாள். என்ன கேட்கிறாள் என்று தோழி என் முழங்கையைத் தட்டினாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். தோழி உடனே எழுந்து, தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் வரிசையில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். “முதலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சம்பளத்தைப் பற்றிச் சொல்லுங்கள்,” என்றாள் ஆங்கிலத்தில், எனக்குப் பேசுவது போல மெதுவாக.

அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். சொல் வராத இடத்தில் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி நடுவில் புகுந்தாள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கப் பேச்சு. யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. நாங்கள் பிடிக்க நினைத்த ரயில் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போனது. யாரோ தேநீர் கொண்டுவந்து என் கையில் தந்தார்கள். நான் முன்னால் தனியாக இருந்து, அதைக் குடித்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.